குறுஞ்செய்தி எங்கே நின்றது?

வாட்ஸ்அப் வந்த பிறகு எஸ்.எம்.எஸ். ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நலம் விசாரிக்கவும் வாழ்த்து சொல்லவும் யாரும் அதைத் தேடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வங்கியின் ஓ.டி.பி., ஆதார் சரிபார்ப்பு எண், சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய டி.ஏ.சி. எண், ரேஷன் கடையில் நம் அட்டைக்கு என்ன பில் போட்டார்கள் என்ற தகவல் எல்லாம் இன்றும் அந்தப் பழைய வழியில்தான் வந்து சேர்கின்றன. புதுப் போனில் ஜிபே, போன்பே போன்ற செயலியைப் போட்டால், அது நம் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் எண் நம்முடையதா என்று உறுதி செய்துகொள்கிறது. அந்தச் செய்தி போகாவிட்டால் யுபிஐ திறக்காது. எஸ்.எம்.எஸ். நின்ற வீட்டில் பணமும் அடுப்பும் சேர்ந்தே தடுமாறுகின்றன.

அப்படி நின்றுபோனால் பலரும் கையில் கிடைத்த செட்டிங்ஸை எல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். பிறகு கடைக்குப் போகிறார்கள். அங்கே போனை முழுவதுமாக அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுக்கிறார்கள். படங்கள் போகும், தொடர்பு எண்கள் போகும். பல நேரம் குறை மட்டும் அப்படியே இருக்கும். காரணம், அந்தக் குறை போனிலேயே இருந்திருக்காது. செய்தி தன் வழியில் எந்த இடத்தில் நின்றது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சில நிமிட வேலை.

செய்தி போகும் வழி

நாம் ‘அனுப்பு’ பொத்தானைத் தொட்டதும் செய்தி நேரே எதிராளியின் போனுக்குப் போவதில்லை. அருகிலுள்ள டவர் வழியாக முதலில் நம் சேவை நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்குப் போகிறது. எஸ்.எம்.எஸ்.சி. என்று அதைச் சொல்வார்கள். தபால் நிலையம் போன்றது அது. செய்தியை வாங்கி வைத்துக்கொள்ளும். பெறுபவர் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று நிறுவனத்தின் பதிவேட்டில் பார்க்கும். ஆள் கிடைத்தால் கொடுக்கும். போன் அணைந்திருந்தால் வைத்திருந்து மறுபடி முயலும். கெடு முடிந்தால் செய்தியைக் கைவிட்டுவிடும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இதற்கு இணையம் தேவையில்லை. அழைப்புகளை ஏற்படுத்துவதற்காக டவரும் போனும் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞை வழியில்தான் குறுஞ்செய்தி பயணம் செய்கிறது. ஆகவே வைஃபையில் வாட்ஸ்அப் ஓடுவதை வைத்து, ‘நெட்வொர்க் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு செய்யக்கூடாது. சிம் டவரோடு இணையாமலே வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும்.

இரண்டாவது, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை நிறுவனத்தின் பதிவேடு சரியாக அறிந்திருந்தால்தான் செய்தி நம்மைத் தேடி வரும். அந்தப் பதிவு பிசகிவிட்டால், போனில் கோடு நிறையச் சிக்னல் இருந்தும் செய்தி வராது. ஏரோப்ளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். அப்படிச் செய்யும்போது போன் டவரிடம் புதிதாகத் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. ‘இந்த எண் வந்துவிட்டது’ என்ற தகவல் மையத்துக்குப் போகிறது. காத்திருந்த செய்திகள் வரிசையாக வந்து விழுகின்றன.

முதலில் மூன்று கேள்விகள்

எதையும் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள்.

செய்தி போவதும் நின்றதா, வருவதும் நின்றதா? இரண்டும் நின்றிருந்தால் சிம், நெட்வொர்க், ரீசார்ஜ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்றிருந்தால் பெரும்பாலும் டவர் மீது பழி இல்லை. அமைப்பிலோ திட்டத்திலோ செயலியிலோ தேட வேண்டும்.

எல்லோரிடமிருந்தும் வரவில்லையா, ஒருவரிடமிருந்து மட்டுமா? வீட்டிலுள்ள இன்னொரு போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அது வந்து, வங்கியின் செய்தி மட்டும் வரவில்லை என்றால் உங்கள் போன் நன்றாகவே இருக்கிறது.

குறை சிம்மிலா, போனிலா? சிம்மை எடுத்து வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே செய்தி போய் வந்தால் குறை உங்கள் போனில். அங்கேயும் நின்றால் குறை சிம்மில் அல்லது நிறுவனத்தின் பக்கம். இந்த ஒரு சோதனை தேவையற்ற ஃபேக்டரி ரீசெட்டைத் தவிர்த்துவிடும்.

இரண்டு பக்கமும் நின்றால்

திரையின் மேலே சிக்னல் கோடுகள் இருக்கின்றனவா, ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். சரியாகவில்லை என்றால் போனை அணைத்து, சிம்மை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பகுதியை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் போடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் 2ஜி காலத்தில் வாங்கிய சிம் என்றால் சேவை மையத்தில் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்வதே நல்லது.

புது சிம் வாங்கிய உடனே எஸ்.எம்.எஸ். வரவில்லை என்று பலர் பதறுகிறார்கள். தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கினாலும், பழையதை மேம்படுத்தினாலும், முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போவதும் வருவதும் நிறுத்தி வைக்கப்படும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் பிறப்பித்த உத்தரவு இது. ஒருவரின் எண்ணை மோசடியாக வேறு சிம்முக்கு மாற்றி ஓ.டி.பி. திருடுவதைத் தடுக்கவே இந்த இடைவெளி. இது குறையல்ல, பாதுகாப்பு. ஒரு நாள் காத்திருந்தால் தானாகச் சரியாகும். அவசரப் பணப் பரிமாற்றம் இருந்தால் சிம் மாற்றுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் கெடு முடிந்த எண்ணிலும் இரண்டு பக்கமும் நிற்கும். முதலில் வெளியே போவது நிற்கும். பிறகு வருவதும் நிற்கும். வங்கிக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்மில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

4ஜி வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலைப்பின்னலே கிடையாது. பேச்சு 4ஜி டேட்டாவின் மேல் வோல்ட்டி முறையில்தான் போகிறது. குறுஞ்செய்திக்கும் அதே ஏற்பாடு பயன்படுகிறது. அப்படிப்பட்ட சிம்மில் வோல்ட்டி பொத்தான் அணைந்திருந்தாலோ, நெட்வொர்க் வகையை யாராவது ‘2ஜி மட்டும்’ என்று மாற்றி வைத்திருந்தாலோ செய்தி தடைபடும். சிம் அமைப்புகளுக்குள் போய் வோல்ட்டியை இயக்கி, நெட்வொர்க் வகையைத் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

வருகிறது, போகவில்லை

செய்தி வந்துகொண்டிருக்கிறது, போக மட்டும் மறுக்கிறது என்றால் முதலில் உங்கள் திட்டத்தைப் பாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலான ரீசார்ஜ் திட்டங்கள் நாளுக்கு 100 எஸ்.எம்.எஸ். தருகின்றன. விலை குறைந்த சில திட்டங்களில் ஒன்றுகூட இருக்காது. அப்போது தனியாக மெயின் பேலன்ஸ் வேண்டும். யுபிஐ பதிவு ‘எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியவில்லை’ என்று திரும்பத் திரும்பத் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள 1900-க்கு அனுப்பும் செய்தியை, என்ன விலைக்கு ரீசார்ஜ் செய்திருந்தாலும் அனுமதிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

இரண்டு சிம் போட்ட போனில், செய்தி எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பாருங்கள். கெடு முடிந்த சிம் அனுப்பும் சிம்மாகத் தேர்வாகியிருந்தால், பக்கத்தில் நல்ல சிம் இருந்தும் பயனில்லை. யுபிஐயில் வங்கியில் பதிவான எண்ணுள்ள சிம்மையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

திட்டமும் சிம்மும் சரி என்றால் அடுத்து மையத்தின் எண்ணைப் பாருங்கள். போன் செய்தியை எந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற எண் சிம்முக்குள் எழுதப்பட்டிருக்கும். அது அழிந்தாலோ மாறினாலோ வருவது வரும், போவது போகாது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஐபோனில் *#5005*7672# என்று டயல் செய்ய வேண்டும். சரியான எண் எது என்று உங்கள் நிறுவனத்தின் கஸ்டமர் கேரிடம் கேளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், பகுதிக்குப் பகுதி அது மாறும். ஸ்மார்ட்போனில் அதைத் திருத்த முடியாவிட்டால் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு, அதன் மெசேஜ் அமைப்பில் எண்ணைச் சேமித்து, சிம்மைத் திரும்ப எடுத்து வந்தால் போதும். எண் சிம்மிலேயே இருப்பதால் கூடவே வந்துவிடும்.

புதிதாக வந்திருக்கும் இன்னொரு காரணம் ஆர்.சி.எஸ். கூகுள் மெசேஜஸ் செயலியில் இது இயங்கும்போது, எதிராளியிடமும் அந்த வசதி இருந்தால் செய்தி இணையம் வழியாகப் போகும். எதிராளி போனை மாற்றிவிட்டாலோ இணையத்தை அணைத்திருந்தாலோ செய்தி போய்ச் சேராமல் நின்றுவிடலாம். செயலியின் அமைப்பில் ஆர்.சி.எஸ். சாட்டை அணைத்துவிட்டு மீண்டும் அனுப்பிப் பாருங்கள், சாதாரண எஸ்.எம்.எஸ். ஆகப் போகும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் இன்னொரு தடை உண்டு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏழு பிட் என்பதால் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு யூனிகோட் வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட். ஆகவே 70 குறிகளில் செய்தி நிறைந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து இடம் வேண்டும். 70-ஐத் தாண்டினால் போன் செய்தியை 67 குறிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் நாளின் 100-ல் ஒன்றாகக் கழியும். ஒரு துண்டு வழியில் சிக்கினால், பெறுபவரின் போன் முழுச் செய்தியையும் காட்டாமல் காத்திருக்கும். துண்டுகள் அதிகமானால் சில போன்கள் அதை எம்.எம்.எஸ். ஆக மாற்றிவிடும், அதற்கு மொபைல் டேட்டாவும் தனி அமைப்பும் வேண்டும் என்பதால் அங்கே நின்றுபோகும். நீண்ட தமிழ்ச் செய்தி போகவில்லை என்றால் ஒரே வரியில் ‘வந்துவிட்டேன்’ என்று அனுப்பிப் பாருங்கள். அது போனால் காரணம் நீளம்தான்.

போகிறது, வரவில்லை

இங்கே பெரும்பாலும் செய்தி வந்திருக்கும். நம் கண்ணில் பட்டிருக்காது. கூகுள் மெசேஜஸில் ‘ஸ்பேம் மற்றும் தடுக்கப்பட்டவை’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஐபோனில் தெரியாத எண்களை வடிகட்டும் வசதி இயங்கினால் வங்கிச் செய்திகள் வேறு பட்டியலுக்குப் போய்விடும். தடுக்கப்பட்ட எண்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். விளம்பரம் என்று நினைத்து வங்கியின் பெயரையே தடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து, எந்தச் செயலி செய்திகளைக் கையாளுகிறது என்று பாருங்கள். 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல் ஒரு போனில் ஒரே ஒரு செயலிதான் இயல்பான எஸ்.எம்.எஸ். செயலியாக இருக்க முடியும். அழைப்பவர் பெயரைக் காட்டும் ஒரு செயலியை நிறுவும்போது, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று தொட்டிருந்தால் அந்தப் பொறுப்பு அதன் கைக்குப் போயிருக்கும். பழைய மெசேஜ் செயலியை இயல்புச் செயலியாக மீண்டும் தேர்ந்தெடுங்கள்.

போனின் சேமிப்பிடம் முழுக்க நிறைந்திருந்தாலும் செய்தி வராது. ‘இங்கே இடமில்லை’ என்று போன் மையத்துக்குச் சொல்லும். மையம் செய்தியை வைத்துக்கொள்ளும். இடம் கிடைத்ததும் போன் தகவல் தர, மையம் அனுப்பிவைக்கும். வாட்ஸ்அப்பில் குவிந்த காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தாலே பல போன்களில் இது தீரும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்களுக்கு ஒரு தனிக் குறை வரும். ஐபோன் வைத்திருக்கும் உறவினர்கள் அனுப்புவது மட்டும் வராது. உங்கள் எண் ஆப்பிளின் ஐமெசேஜ் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அவர்களின் செய்திகள் அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. பழைய ஐபோன் கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு ஐமெசேஜை அணையுங்கள். இல்லாவிட்டால் ஆப்பிளின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து நீக்கிக்கொள்ளலாம்.

ஓ.டி.பி. மட்டும் வரவில்லை என்றால்

மற்றவர்களின் செய்தி வருகிறது, ஓ.டி.பி. மட்டும் வரவில்லை என்றால் போனை விட்டுவிடுங்கள். 2018-ல் டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, வங்கிகளும் நிறுவனங்களும் தங்கள் பெயரையும் அனுப்பும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவோடு பொருந்தாத செய்தியைச் சேவை நிறுவனம் வழியிலேயே நிறுத்திவிடும். 2021 மார்ச்சில் இந்தச் சோதனை முழுமையாகத் தொடங்கியபோது நாடெங்கும் ஓ.டி.பி.க்கள் முடங்கின; டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் செய்தி மட்டும் வராவிட்டால் புகார் செய்ய வேண்டியது அந்த நிறுவனத்திடம். 1909-ல் விளம்பரங்களை நிறுத்தச் சொல்லிப் பதிந்ததால் ஓ.டி.பி. நிற்காது, அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொரு காரணம் நாம் மறந்துவிடும் பழைய எண். பயன்படுத்தாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண் இன்னும் உங்கள் வங்கிக் கணக்கிலோ எரிவாயு இணைப்பிலோ பதிந்திருந்தால் உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் கையில் போய் விழும். எண்ணை மாற்றும்போது முதலில் வங்கியில் மாற்றுங்கள். பிறகு சிம்மைக் கைவிடுங்கள்.

ஓ.டி.பி. தாமதமானால் ‘மறுபடி அனுப்பு’ என்று தொடர்ந்து தொடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கடைசியாக வந்த எண் மட்டுமே செல்லும். மூன்று எண்கள் வரிசை மாறி வந்தால் எது கடைசி என்று தெரியாமல் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

இது குறையல்ல, திருட்டு என்றால்

சிக்னல் நன்றாக இருந்த இடத்தில் திடீரென்று போன் முழுவதும் செத்துப்போய், அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம்கள் வேலை செய்தால் தாமதிக்காதீர்கள். யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள்.

நீங்கள் அனுப்பாத செய்திகள் உங்கள் எண்ணிலிருந்து போனாலும், ஓ.டி.பி. வந்த சுவடே இல்லாமல் பணம் கழிந்தாலும், போனுக்குள் திருட்டுச் செயலி இருக்கலாம். கல்யாண அழைப்பு, போக்குவரத்து அபராதம், மின்கட்டண பாக்கி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளே இவற்றைக் கொண்டுவருகின்றன. அவை எஸ்.எம்.எஸ். அனுமதியைக் கேட்டு வாங்கி, வரும் செய்திகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். அமைப்புகளில் எஸ்.எம்.எஸ். அனுமதி எந்தெந்தச் செயலிகளுக்கு இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத செயலி இருந்தால் முதலில் சிம்மையும் வைஃபையையும் துண்டித்துவிட்டு நீக்குங்கள். ஃபேக்டரி ரீசெட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது ஒன்றுதான்.

எதற்கும் மசியாவிட்டால்

எல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை, குறை போனில்தான் என்று சிம் சோதனையும் சொல்கிறது என்றால், மெசேஜ் செயலியைப் புதுப்பியுங்கள். அதன் கேஷை அழியுங்கள். பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் செய்யுங்கள். இதில் வைஃபை கடவுச்சொற்களும் ப்ளூடூத் இணைப்புகளும் போகும். படமோ தொடர்பு எண்ணோ போகாது.

குறை சிம்மில் அல்லது நிறுவனத்தில் என்றால் 198-ல் புகார் செய்து புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்.எம்.எஸ். வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வருகிறது, போகவில்லை, சிம்மை வேறு போனில் போட்டும் பார்த்தேன், இந்தத் தேதியிலிருந்து இப்படி’ என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்பவரிடம் ‘போனை அணைத்துப் போடுங்கள்’ என்று மட்டும் பதில் சொல்லி அனுப்ப முடியாது. தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதான அப்பா, அம்மா, பாட்டி யாரிடமாவது போன் இருந்தால், இந்த வாரமே அதை வாங்கி ஒரு செய்தி அனுப்பியும் பெற்றும் பாருங்கள். ரீசார்ஜ் எப்போது முடிகிறது, சேமிப்பிடம் எவ்வளவு மிச்சம், வங்கியிலும் எரிவாயு இணைப்பிலும் பதிந்திருப்பது இந்த எண்தானா என்று சரிபாருங்கள். மாதக் கடைசியில் ஓய்வூதியம் எடுக்கப் போய் ஓ.டி.பி. வராமல் அவர்கள் நிற்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.